முப்பத்தைந்து பல் சக்கரம்

அந்தத் தெருவில் பதினொரு வருடங்களாக யாரும் தீப்பெட்டி வாங்கவில்லை. காலை ஐந்து ஐம்பதுக்குப் பதினான்காம் எண் வீட்டு வாசலில் மஞ்சள் கார் இருமத் தொடங்கும். உடனே நாற்பத்திரண்டு சமையலறைகளில் அடுப்புகள் தாமாகப் பற்றிக்கொள்ளும். குடித்தனக்காரர்கள் செய்ய வேண்டியதெல்லாம் இருமல் சத்தம் கேட்டதும் அடுப்புக் குமிழைத் திருகிவிட்டு ஒரு கொட்டாவி விடுவதுதான். கொட்டாவி முடிவதற்குள் நீல ஜுவாலை வந்துவிடும். குடியிருப்போர் சங்கச் செயலாளர், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், தினமும் அடுப்பு பற்றிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவந்தார். வடக்கு வரிசை வீடுகளில் தெற்கு வரிசையைவிட நாலு வினாடி முன்னதாகப் பற்றுகிறது என்று மூன்று முறை மனு வந்தது. அடுப்பு ஏன் பற்றுகிறது என்று கேட்டு ஒரு மனுகூட வந்ததில்லை.

கார், பல்செட் செய்கிறவளுடையது. இரண்டே பேர் உட்காரலாம். நாயைவிடச் சற்று உயரம். மற்ற கார்களின் எஞ்சினில் உலக்கைபோல ஏதோ மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். இதில் வயிறு பருத்த முக்கோணங்கள் இரண்டு, ஆளுக்கொரு அறையில் உருண்டு சுழலும். அறைக்கு இரண்டு பிளக். முன் பிளக் தீ மூட்டும். பின் பிளக் ஒரு கண்ணிமைப்பு தாமதித்து, முன்னது விட்ட குறையைத் தீர்க்கும். அவள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான்: கணவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவான், மாடியில் குடியிருக்கும் அவன் அக்கா அதை முடித்துவைப்பாள். நான்கு பிளக்குகளுக்கும் பொறியைப் பங்கு போட வேண்டிய டிஸ்ட்ரிபியூட்டருக்கோ வயதாகிவிட்டது. அது தன் வீட்டுப் பந்தியை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருந்தது. எஞ்சினில் தவறிய ஒவ்வொரு பொறியும் யாரோ ஒருவரின் அடுப்பில் போய் விழுந்தது.

ஆகவே கார் தானாகக் கிளம்பியதே இல்லை. தினமும் ஆறு ஆண்கள் பல் துலக்கிய கையோடு வந்து அதை அவளுடைய பட்டறை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் அவளைத் ‘தள்ளு’ என்று கூப்பிட்டது. பெயரை வைத்தவள் நாத்தனார். முதல் நாள் தள்ளியபோது குப்புற விழுந்து முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவள் அவள். அந்தச் சந்தில் காற்று வர, முதன்முதலாகச் சொன்ன வார்த்தை அது. அதன் பிறகு பட்டறைக்கு வருகிறவர்கள்கூட, “தள்ளு இருக்காங்களா? மேல்செட் ஆடுது” என்றுதான் கேட்டார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது மலையடிவாரத்தில் இருந்த ஒரு பலகை. வருடத்துக்கொரு முறை, ஏழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் கார்களை ஏற்றிப் பந்தயம் நடத்துவார்கள். ஏறியவர்களின் பெயருக்கு எதிரே நிமிடமும் வினாடியும் எழுதுவார்கள். அவள் பதினொரு முறை பெயர் கொடுத்திருந்தாள். பதினொரு கட்டத்திலும், அழகான கையெழுத்தில், ‘புறப்படவில்லை’ என்று இருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண் வந்தால் போதும், எத்தனை நிமிடமானாலும் சரி என்று கணவனிடம் சொன்னாள். “வந்துரும், ஆனா...” என்று அவன் தொடங்கினான். “...வராது!” என்று மாடியிலிருந்து முடிந்தது.

பன்னிரண்டாம் வருடம் அவள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளக்குக்கு ஒன்று வீதம், பொறி உண்டாக்கும் நான்கு புதுக் காயில்கள் மாட்டப் போவதாகச் செய்தி பரவியது. சங்கம் அவசரமாகக் கூடியது. கார் ஓடுவது பொதுநலனுக்கு விரோதமானது என்று தீர்மானம் வந்தது.

“ஏம்மா, கார்னா ஓடித்தான் ஆகணுமா?” என்றார் செயலாளர். “எங்க வீட்டுல கடிகாரம் இருக்கு, ஓடல. நாங்க ஏதாவது சொல்றமா?”

“நீங்க உங்க காரைக் கெடுத்து வச்சுக்குங்க சார். என் காரை ஏன் கேக்கறீங்க?”

“எங்ககிட்ட கார் இல்லையேம்மா. இருந்தா தெருவுக்காகக் கெடுத்து வைக்க மாட்டமா?”

கைதட்டல் எழுந்தது. எதிர்த்துக் கை தூக்கியவள் அவள் ஒருத்தி. கணவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே கையைக் காதளவு தூக்கிக் காதைச் சொறிந்தான். எதிர்ப்பு ஒன்றரை என்று பதிவானது.

தீர்மானத்தின் பிரதி கைக்கு வந்த அன்றே அவள் வேலையைத் தொடங்கினாள். பட்டறை மேசையில் சாந்தில் வார்த்த தாடைகளை ஒதுக்கிவிட்டுக் காயில்களைப் பரப்பினாள். எந்தக் காயில் எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்ல ஒரு பல்சக்கரம் தேவைப்பட்டது. எஞ்சின் தண்டின் நுனியில் அது சுழலும். பக்கத்தில் ஒரு சென்சார் பற்களை எண்ணிக்கொண்டிருக்கும். முப்பத்தாறு பற்களுக்கு இடம். அதில் ஒரு பல் மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஓட்டை வரும்போதுதான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று எஞ்சினுக்குத் தெரியும். இரும்புத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, முப்பத்தைந்து பற்களை அவளே கடைந்தெடுத்தாள். கடைவாய்ப் பல்லுக்குக் கொடுக்கிற கவனத்தைக் கொடுத்தாள்.

தவறு மறுநாள் நடந்தது. இருபது வருடமாக ஓட்டையைக் கண்டால் அடைத்துப் பழகிய கை. வாடிக்கையாளர் ஒருவரின் கீழ்த்தாடையைப் பற்றி யோசித்துக்கொண்டே அவள் அந்த இடைவெளிக்கு ஒரு பல்லைச் செய்து, பற்றவைத்து, மெருகும் ஏற்றிவிட்டாள். எது ஒட்டுப்பல் என்று அவளுக்கே தெரியாத அளவுக்கு வேலை சுத்தம்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சாவியைத் திருகினாள். தலைகால் தெரியாத எஞ்சின், புதுக் காயில்களின் பலத்தோடு, பொறிகளைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பியது. மூன்று தெரு தள்ளியிருந்த பேக்கரியில் விற்பனைக்கு வைத்திருந்த பிறந்தநாள் மெழுகுவத்திகள் அத்தனையும் எரிந்தன. கடைக்காரர் ஊதி ஊதி மயங்கி விழுந்தார். செயலாளரின் ஓடாத கடிகாரம் ஒரு மணி நேரம் ஓடி, தவறான நேரத்தைக் காட்டிவிட்டு நின்றது. நாத்தனார் அடுப்பு அணைக்க அணைக்கப் பற்றியதில் பால் ஏழு முறை பொங்கி வழிந்தது. கார் மட்டும் அசையவில்லை.

நாத்தனார் கரண்டியோடு இறங்கி வந்தாள். அவள் பட்டறைக்குள் காலெடுத்து வைப்பது அதுவே முதல் தடவை. அந்த ஒரு பல்லை இலவசமாகக் கட்டித் தருகிறேன் என்று பல்செட்காரி பதினொரு வருடமாகக் கெஞ்சியும் அவள் வந்ததில்லை.

“என்னடி பண்ணித் தொலைச்ச?”

“ஒரு பல்லை எடுக்கணும் அண்ணி. எதுன்னு தெரியல. மாத்தி எடுத்தா எல்லாமே போச்சு.”

நாத்தனார் சக்கரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “வாய்க்குள்ள எங்க இருக்கோம்னு நாக்குக்கு எப்படித் தெரியும்? ஓட்டைய வச்சுத்தான். நீ அடைச்சு விட்டுட்டா நான் எங்கன்னு போய் நிப்பேன்? அதான் உன்கிட்ட வரவே இல்ல.”

“நீங்க கோவத்துல வரலன்னுல்ல நினைச்சேன்.”

“கோவமும்தான். சாட்சிய அழிக்கலாமா?”

சொல்லிவிட்டு, சக்கரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்து, ஐஸ் சாப்பிடுகிறவள்போல ஓரத்தை ஒரு சுற்று நக்கினாள். பத்தொன்பதாவது பல்லில் நாக்கு நின்றது. “இவன்தான். வந்து ஒட்டிக்கிட்டவன்.”

“நிச்சயமாவா அண்ணி?”

“பதினோரு வருஷ அனுபவம்டி. அறு.”

அறுத்தாள். பந்தய நாள் காலை ஐந்து ஐம்பதுக்கு ஆறு ஆண்களும் வழக்கம்போலப் பின்னால் வந்து நின்று மூச்சை இழுத்துத் தள்ளினார்கள். தள்ளிய இடத்தில் கார் இல்லை. ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் காற்றில் விழுந்தார்கள். தெருமுனையில் ஒரு மஞ்சள் கோடு திரும்பியது. நான்கு பொறிகளும் தத்தம் இடத்தில் தத்தம் நேரத்தில் விழ, எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் பாடிக்கொண்டு போனது. நாற்பத்திரண்டு அடுப்புகளும் குளிர்ந்து கிடந்தன. வேறு வேலை இல்லாததால் தெருவே மலையடிவாரத்துக்கு நடந்தது.

அவள் முதல் வளைவைத் திரும்பியதைப் பார்த்தார்கள். நாலாவதில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவதில் அதுவும் மேகத்துக்குள் போனது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் ‘பு’ என்று எழுதிவிட்டு, அழித்து, நான்கு நிமிடம் ஒன்பது வினாடி என்று எழுதினார். இரண்டாவது இடம். முதலிடம் யாருக்கு என்று அந்தத் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. தீர்மானத்தை முன்மொழிந்த செயலாளர்தான் முதலில் விசிலடித்தார்.

மாலையில் சங்கம் மனுவோடு வந்தது. அடுப்பு விஷயம் என்ன ஆவது என்று தொண்டையைச் செருமினார் செயலாளர். அதற்கு நாத்தனார்தான் வழி சொன்னாள்.

“அந்தப் பின் பிளக்கு ரெண்டும் இல்லாட்டி வண்டி ஓடாதா?”

“ஓடும் அண்ணி. கொஞ்சம் சோம்பலா ஓடும்.”

“காலையில பத்து நிமிஷம் சோம்பலா ஓடினா குடியா முழுகிடும்?”

“எப்படியும் அதுக்குச் சூடேற...” என்று தொடங்கினான் கணவன். “...பத்து நிமிஷம் ஆகும்” என்று இந்த முறை முடித்தவள் பல்செட்காரி.

டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வந்தது. ஒரு பக்கம் ‘தெரு’, மறுபக்கம் ‘மலை’. அன்றிலிருந்து ஐந்து ஐம்பது முதல் ஆறு வரை முன் பொறிகள் எஞ்சினுக்கும் பின் பொறிகள் அடுப்புகளுக்கும் போகின்றன. காயில்கள் புதியவை என்பதால் வடக்கும் தெற்கும் ஒரே வினாடியில் பற்றுகின்றன. பக்கத்துத் தெருக்காரர்கள் சங்கத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள். ‘தள்ளு’ என்ற பெயர் இப்போது அந்த ஆறு ஆண்களுக்குப் பொதுவாகிவிட்டது. நாத்தனார் பல் கட்டிக்கொள்ளவில்லை. பந்தயத்துக்குப் போகும்போது பக்கத்து இருக்கையில் அவள்தான்.

அந்த ஒரு நாள் மட்டும் நான்கு பொறிகளும் மலைக்கே வேண்டும். தெரு முந்தின நாள் சமைத்ததை ஆறிப்போனபடியே சாப்பிடுகிறது. யாரும் மனுப் போடுவதில்லை. அடுப்பு பற்றிய நேரத்தைக் குறிக்கும் கட்டத்தில் செயலாளர் அன்று நேரம் எழுதுவதில்லை. தன் கையெழுத்தில் இயன்ற அழகோடு, ‘புறப்பட்டது’ என்று எழுதுகிறார்.