இறக்கைமேல் ஒரு கறுப்புக் கோடு

என் வீட்டுக்காரர் விமானப் பணிமனையில் இறக்கைத் தகடு மாற்றுகிறவர். இருபத்தாறு வருட சர்வீஸ். ஆனால் விமானத்தில் பறந்தது இதற்கு முன் இரண்டே தடவை, இரண்டு தடவையும் நடு இருக்கை. இப்போது மகளைப் பார்க்கப் போகிறோம். இறக்கைப் பக்கத்து ஜன்னல்தான் வேண்டும் என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்துவிட்டார். ஏறும்போதே வால் பக்கம் எழுதியிருந்த எண்ணைப் படித்து, "போன மாசம் நம்ம கையில இருந்த வண்டி இது!" என்று பூரித்துப்போனார். வேலைமேடை இடித்து நசுங்கிய மேல்தகடு ஒன்றை இவர்தான் மாற்றினாராம்.

மேகத்துக்கு மேலே வந்ததும் உச்சி வெயில் இறக்கைமேல் பளீரென்று விழுந்தது. அதையே பார்த்துப் பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். வாய் ஓயாத மனிதர். அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"என்னங்க?"

"சத்தம் போடாம அங்க பாரு. கோடு தெரியுதா?"

தெரிந்தது. இறக்கையின் நீளத்துக்கு, நூல் கனத்தில், கறுப்பாக.

"நான் மாத்துன தகடு மேலதான் போகுது. விரிசல் விட்டிருக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேலை முடிஞ்சதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இத்தனை பேரு..." முன் வரிசையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பைலட்கிட்ட சொல்லிடுங்க."

"தப்பா இருந்தா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும்." நானே பொத்தானை அழுத்தினேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கிறவரோடு குடித்தனம் நடத்தினால், சில பொத்தான்களை நாம்தான் அழுத்த வேண்டும்.

வந்த பணிப்பெண்ணிடம் தன் வேலையையும் தகட்டையும் கையெழுத்தையும் காதோடு காதாகச் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"பைலட் ஒண்ணு கேக்கச் சொன்னார் சார். அந்தக் கோடு ஒரே இடத்துல நிக்குதா, நகருதா?"

இவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினார். "ஒரு ரிவெட் ஆணி வரிசை அளவு முன்னால போகுது... திரும்பி வருது... நடுங்குது." திரும்பிய முகத்தில் குழப்பம். "விரிசல் நடக்காதே!"

"அது நிழல்தானாம் சார். நாம மணிக்கு எண்ணூத்தைம்பது கிலோமீட்டர்ல போறோம். இறக்கை மேல ஏறுற காத்து அதைவிட வேகமா, சத்தத்தோட வேகத்தையே தாண்டிப் போகுமாம். மறுபடி வேகம் குறையிற இடத்துல காத்து சட்டுனு நெருங்கி அடர்த்தியாயிடும். அதுல வெயில் வளைஞ்சு கோடா விழுதாம். இறங்கறதுக்கு வேகத்தைக் குறைச்சா போயிடும்னார்."

தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. எதையும் விரலால் தடவிப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். நாற்பது நிமிடம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நானும்தான்.

எஞ்சின் சத்தம் தணிந்தது. கோடு மெல்ல முன்னால் நகர்ந்து, மங்கி, இல்லாமல் போனது. கோடு இருந்த இடத்தில் தகடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"போயிடுச்சு," என்றார். அழுதுவிட்டார். நானும் அழுதேன், மறைப்பானேன்? போன உயிர் இரண்டு பேருக்கும் ஒன்றாகத் திரும்பி வந்தது.

"தரையில நிக்கிற இறக்கையத்தானே பார்த்திருக்கேன்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பறக்கறப்போ அது மேல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, நீங்க மாத்துன தகடு எதுங்க?"

"நீயே கண்டுபிடி."

எட்டிப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் கோட்டைத்தான் பார்த்தேன், தகட்டை எங்கே பார்த்தேன்? இப்போது ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"வித்தியாசமே தெரியலையே."

"தெரியலல்ல?" என்றார் பெருமையாக.

தரை தொடுவதற்குள் இன்னும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றே சொன்னேன்.