ராயப்பன் வீட்டுக்கு வந்த ஏரி

1985 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பருத்திப்பட்டு ஏரி கரையிறங்கி, குவார்ட்டர்ஸ் மூன்றாவது தெருவில் நடந்து, ராணுவத் தொழிற்சாலை ஊழியர் ராயப்பன் வீட்டுக்குள் மட்டும் புகுந்தது. பக்கத்து வீட்டுக் கோலம்கூட அழியவில்லை. மாலை ஐந்துக்குச் சங்கு ஊதியதும் மற்றவர்களைப் போல ஏரியும் கிளம்பிப் போனது. மறுநாளும் எட்டுக்கே வந்துவிட்டது. ராயப்பன் மனைவி ஹில்டாவுக்குத் தலை வெடித்தது. மகள் ஞானகுமாரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளையைக் கிடத்தக் கொஞ்சம் காய்ந்த தரை வேண்டும்.

ராயப்பன் எழுதிப் போட்ட மனுவைப் படித்த அதிகாரிகள் இரண்டு கட்சியானார்கள். படையை அனுப்பு என்றது ஒரு கட்சி. ஒரே ஒரு ஆலோசகர் போதும் என்றது மற்றது. அந்தச் சண்டை மூன்று வாரம் ஓடியது. ஹில்டா கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தாள். கடைசியில் முப்பது சிப்பாய்கள் வந்து மணல்மூட்டை அடுக்கி, வாசலில் தோளோடு தோள் நின்றார்கள். ஏரி தெருமுனைவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பதினோரு நாள் வீடு காய்ந்து கிடந்தது, முப்பது பேருக்கு டீ போட்டதில் ஹில்டாவின் டீத்தூள் டப்பாவும்தான். பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்து அவர்கள் லாரி ஏறினார்கள். ஏரி மூட்டைகளைத் தாண்டி வந்து முழங்கால் அளவு உட்கார்ந்துகொண்டது.

பிறகுதான் ஆலோசகர் வந்தார், ஓய்வுபெற்ற சுபேதார் பக்தவத்சலம். தரையானாலும் தண்ணீரானாலும் அதற்கு அரையடி மேலே நடப்பவர். யோசனை சொல்லும் வேலைக்குப் போன நாளிலிருந்தே அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்ஸ் நனையாமல் வீட்டுக்குள் இரண்டு சுற்று வந்து, பின்சுவரை இடித்து ஒரு வாசல் வைக்கச் சொன்னார். குவார்ட்டர்ஸில் ஆணி அடிக்கவே அனுமதி வேண்டும். எழுதிப் போட்டால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது வரும். மனுவைப் போட்டுவிட்டு, ஹில்டாவும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளும் கடப்பாறையை எடுத்தார்கள். சுபேதார் அந்தரத்தில் கைகட்டி நின்று, இன்னும் இடது, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நீங்களும் ஒரு கை போட்டா கொறஞ்சா பூடுவீங்க?" என்றாள் ஹில்டா.

"நான் இடிச்சுட்டா, நான் போனப்புறம் யாரும்மா இடிப்பாங்க?"

எரிச்சலில் அவள் போட்ட போட்டில் சுவர் விழுந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு ஞானகுமாரிக்கு வலி எடுத்தது. ஏரியும் வந்தது. முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலோடு போய்விட்டது. மதியம் பேத்தியைக் காய்ந்த தரையில் கிடத்தினார்கள். சுபேதார் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் போனதை ஹில்டா வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தாள்.

1991இல் பின்வாசலுக்கு அனுமதி வந்தது. பேத்தி அப்போது ஒன்றாம் வகுப்பு. அதே வாரம் ஏரி நான்காவது தெரு சுசீலா வீட்டுக்குள் போக ஆரம்பிக்க, ஹில்டா போய்ப் பார்த்து, பின்சுவரைக் காட்டினாள். சுசீலா வியர்க்க வியர்க்க இடித்தாள்.

"நீயும் ஒரு கை புடியேன்க்கா" என்று திரும்பியவள், ஹில்டாவின் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனை நுழைந்து போவதைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது" என்றாள் ஹில்டா.