வசந்தாமணி உருட்டிய பஞ்சு

நஞ்சப்பன் இருபத்திரண்டு வருஷம் சிகரெட் குடித்தவர். கலிபோர்னியாவின் டப்ளினில் வீடு வாங்கிய வருஷம், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று அதை விட்டுவிட்டு, திரவத்தைச் சூடாக்கிப் புகைக்கும் மின்சிகரெட்டான வேப்புக்கு மாறினார். அதற்குள் சூடேறும் கம்பிச்சுருளுக்குக் 'காயில்' என்று பேர்; கடையில் விற்பது அவருக்குச் சரிப்படவில்லை. சனிக்கிழமை காலையில் கராஜில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரில் மெல்லிய கம்பியைச் சுற்றித் தானே காயில் செய்வார். அதற்குள் பஞ்சைத் திரியாக நுழைக்க வேண்டும். அங்கேதான் தடுமாறுவார். பஞ்சு இறுகினால் திரவம் ஏறாது, தொண்டையில் கருகல் அடிக்கும். தளர்ந்தால் ஒழுகும்.

ஒருநாள் பஞ்சு தீர்ந்துபோய், பூஜை அலமாரியில் கை வைத்துவிட்டார்.

"ஏனுங்க, வெளக்குத் திரிக்கு வெச்ச பஞ்சுங்க அது! அதுலயா பொகை விடப்போறீங்க?" என்று சண்டைக்குப் பின்னாலேயே போனாள் மனைவி வசந்தாமணி. போனவள், அவர் விரல்கள் படும் பாட்டைச் சற்று நேரம் பார்த்தாள். "கொண்டாங்க இங்க" என்று பிடுங்கி, தொடையில் வைத்து ஒரே உருட்டு. பஞ்சு காயிலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"எத்தன வீடியோ பாத்தேன் மணி, எனக்கு வரலயே!" என்று சிரித்தார்.

அதிலிருந்து பஞ்சு உருட்டுவது அவள் வேலையாயிற்று. மற்ற நாட்களில் அவருக்கு ஓயாத மீட்டிங், அவளுக்கு டேகேரில் வேலை. வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நாலு நாயம் பேசியது.

சான் டியேகோவில் படிக்கும் மகள் சண்முகப்ரியா, லீவுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, யூ ஆர் ஹெல்ப்பிங் ஹிம்?" என்றாள்.

அந்தக் கேள்வி வசந்தாமணியைக் குடைந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் பஞ்சை நீட்டியபோது வாங்கவில்லை.

"இனிமே நான் உருட்டமாட்டனுங்க. இந்தக் கருமத்த அடியோட விடுங்க. நான் முக்கியமா, இது முக்கியமா?"

நஞ்சப்பன் வாதாடவில்லை. கம்பி, புட்டி, கருவி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார். அவளே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்தாள். கோயிலில், பாட்லக் விருந்தில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் விட்டுட்டாருங்க."

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவரோடு வேலை பார்க்கும் ரஞ்சித்குமார் சான் ரமோனிலிருந்து போன் பண்ணினான். ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் விழுந்துவிட்டாராம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். பர்ஸ், கார் சாவி, மூக்குக்கண்ணாடி. அடியில் பாதி காலியான சிகரெட் பெட்டி.

"இது யாருதுப்பா?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்திருந்த ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா... வேப்ப விட்ட ரெண்டாவது வாரமே மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாருக்கா. வீட்ல சொல்லிடுங்கண்ணேன்னு நானும் எவ்ளோவோ சொன்னேன். 'அவ அவ்ளோ பெருமையா சொல்லிக்கிட்டிருக்கா, எந்த மூஞ்சியோட சொல்றது'ன்னாரு."

சாயங்காலம் வந்ததும் வராததுமாக அவர் குளிக்க ஓடியதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வேப்பே பிடித்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதைவிட வேறொன்றுதான் நெஞ்சை அறுத்தது. பஞ்சு கருகினால்கூட அவளைக் கூப்பிட்டுக் காட்டிய மனிதர், எட்டு மாதம் அவளுக்குப் பயந்து கார்களுக்கு நடுவே தனியாக நின்றிருக்கிறார்.

சிகரெட் பெட்டியைத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். "ப்ரியாகிட்ட மட்டும் சொல்லிராதப்பா. அவ கேட்டதுனாலதான் இப்படின்னு நெனச்சு நெனச்சே செத்துருவா."

சாயங்கால ப்ளைட்டில் வந்து இறங்கிய மகள், அவள் தோளில் விழுந்து கதறினாள். அழுகை ஓய்ந்தபின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அட் லீஸ்ட் யூ காட் ஹிம் டு க்விட், அம்மா. தட் வாஸ் யூ."

"ஆமா கண்ணு" என்றாள் வசந்தாமணி. மற்றக் கையால் கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.