தண்ணி வாட்டம்

மச்சினனிடம் போய் வேலை கற்றுக்கொள்ள நேரும் என்று மொக்கைச்சாமி கனவிலும் நினைத்ததில்லை. அவருடைய கல்யாணத்தன்று சிவபாண்டி மூன்றாம் வகுப்புப் பையன். மாப்பிள்ளை காரில் முன்சீட்டு வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதான். புது மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொட்டாம்பட்டியிலிருந்து ஆனையூர் வந்து சேருவதற்குள் பயல் மாலையில் பாதிப் பூவைப் பிய்த்துவிட்டான்.

அந்தப் பயலுக்கு இப்போது முப்பது வயது. பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதில் மதுரைக்குள் பேர் வாங்கியவன். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வீட்டுக்காரர் போன் போட்டுவிடுவார்.

மொக்கைச்சாமி மினிபஸ் டிரைவராக இருந்தவர். அழகர்கோவில் ரோட்டுக் கிராமங்களில் அவர் ஹாரன் சத்தத்தை வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் உண்டு. முதலாளி ஒருநாள் பஸ்ஸை விற்றுவிட்டார். வாங்கியவருக்குச் சொந்தத்திலேயே டிரைவர் இருந்தான். அதன்பிறகு மொக்கைச்சாமி வீட்டில் இருந்தார். காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, டிவி முன்னால் உட்காருவார். அவர் மனைவி நாகஜோதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சிவபாண்டிதான் வந்தான். நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றபடியே சொன்னான்.

"மச்சான், எனக்கு நம்பிக்கையா ஒரு ஆளு வேணும். வார பயலுக எல்லாம் ஒரு மாசம் இருந்துட்டு ஓடிப் போறாய்ங்க. நீங்க வந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

"எனக்கு என்ன மாப்ள தெரியும்? கரண்டியப் புடிச்சதே இல்ல."

"ஸ்டியரிங்கு புடிச்ச கைதான? அது போதும்."

நாகஜோதி சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறான் என்று தெரிந்தது. இருந்தாலும் அவன் கேட்ட விதம் மொக்கைச்சாமிக்குப் பிடித்திருந்தது. மறுநாளே போய்விட்டார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வேலை கற்றுக்கொடுப்பவன் திட்டித்தான் ஆகவேண்டும். அக்கா புருஷனைத் திட்டுவது எப்படி? சிவபாண்டி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். டைலைத் திட்டினான்.

"இந்த டைலுக்குத் திமிரப் பாருங்க மச்சான்! பக்கத்துல இருக்கவன் நேரா நிக்கிறான், இவன் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கிறான்."

மொக்கைச்சாமி புரிந்துகொண்டு ரப்பர் சுத்தியலால் ஒரு ஓரத்தைத் தட்டி இறக்குவார். கலவையில் தண்ணீர் கூடிப்போனால் சிமெண்ட் கம்பெனிக்கு ஏச்சு விழும். அறுத்த துண்டு அளவு குறைந்துபோனால் கட்டர் மெஷின் வாங்கிக் கட்டிக்கொள்ளும். மற்றபடி "மச்சான், கொஞ்சம் தள்ளிக்கங்க", "மச்சான், டீ குடிக்கிறீங்களா" என்று மரியாதை ஒரு குறையும் இல்லை. மரியாதை கூடக்கூட, தான் இன்னும் விருந்தாளியாகவே இருப்பதுபோல் மொக்கைச்சாமிக்குப் பட்டது.

ஆனாலும் கைக்கு வேலை படிந்துகொண்டு வந்தது. சுவரில் டைல் ஒட்டுவதில் அவருக்கு ஒரு ருசி விழுந்துவிட்டது. பின்பக்கம் கலவையைப் பூசி, வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, விரல் கணுவால் தட்டிக் கேட்பார். உள்ளே காற்று நின்றால் 'பொக்'கென்று ஒரு சத்தம் வரும். கழற்றி மறுபடி பூசுவார். நன்றாகப் பிடித்திருந்தால் கெட்டியாக ஒலிக்கும். அந்தக் கெட்டிச் சத்தத்துக்காகவே சில சமயம் தேவையில்லாமலும் தட்டிப் பார்ப்பார்.

இப்படி இருக்கும்போது ஆனையூரிலேயே ஒரு வேலை வந்தது. இஷ்ரத் என்கிற பெண் வீடு. பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அவளுடைய அம்மா மைதீன் பீவி குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மூத்த மகள் வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை திரும்பி வருவதாக ஏற்பாடு.

"அம்மாவுக்கு அடுத்தவங்க குளிப்பாட்டிவிட்டாப் பிடிக்காதுண்ணே" என்றாள் இஷ்ரத். "அக்கா வீட்ல தெனமும் அதுக்கே அழுகுறாங்களாம். தானா போயி, தானா குளிச்சிட்டு வரணும். அது மாதிரி செஞ்சு குடுத்துருங்க."

பழையதைப் பூராவும் உடைத்தார்கள். வாசலில் காலைத் தடுக்கிய படி போனது. கீழே குந்துகிற கக்கூஸ் போய் நாற்காலி உயரத்தில் ஒன்று வந்தது. பிடித்து எழுந்திருக்கச் சுவரில் எஃகுக் கம்பி. தரைக்குச் சொரசொரப்பான, கால் வழுக்காத டைல். குழாய், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு எல்லாம் முடிந்து சுவர் டைலும் முக்கால்வாசி ஏறிவிட்டது.

புதன்கிழமை காலை சிவபாண்டிக்குக் கொட்டாம்பட்டியிலிருந்து அழைப்பு. அங்கே ஒரு புதுவீட்டில் பால் காய்ச்சப் போகிறார்கள், சமையல் மேடையில் ஒரு மூலை பாக்கி.

"மச்சான், ஒருநா சோலி. செவுத்துல மிச்சத்த முடிச்சு வைங்க. தரையில மட்டும் கை வைக்காதீங்க. நாளைக்கு நா வந்து ஒங்ககூட நின்னு போட்டுக்கிருவோம்."

"சரி மாப்ள, நீ போ."

சுவர் வேலை மத்தியானத்துக்கு முன்பே முடிந்துபோனது. மொக்கைச்சாமி தரையைப் பார்த்தார். ஏழுக்கு நாலு அடி. இம்புட்டுக்காண்டு இடம். இதைக்கூடப் போடத் தெரியாமலா இத்தனை மாதம் கூடவே அலைந்தோம்? அந்த அம்மா வேறு வெள்ளிக்கிழமை வருகிறார்கள். நாளைக்குச் சிவபாண்டி வந்து பார்த்தால் அசந்துபோவான். கலவையைக் குழைத்துவிட்டார்.

ஒவ்வொரு டைலையும் வைத்து ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை தட்டினார். இடைவெளி ஒன்றுபோல் இருந்தது. மூலைத் துண்டுகூட ஒரே அறுப்பில் பொருந்திவிட்டது. இஷ்ரத் டீ கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, தாம்பாளம் மாதிரி இருக்கு!"

அதைக் கேட்டு மொக்கைச்சாமிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பஸ்ஸை விற்ற நாளிலிருந்து யாரும் அவர் செய்த எதையும் நின்று பார்க்கவில்லை. டீயை ரசித்துக் குடித்தார். டம்ளரின் அடியில் தங்கியதைக் கழுவி, அந்தத் தண்ணீரை மெதுவாகத் தரையில் ஊற்றினார்.

தண்ணீர் நின்றது. தாம்பாளத்தில் ஊற்றியது மாதிரியே நின்றது. பிறகு, யோசித்து முடிவெடுத்தாற்போல், மூலையில் தண்ணீர் போகிற ஜாலியை விட்டுவிட்டு வாசல் பக்கமாக நகர்ந்துவந்தது.

மொக்கைச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். வாட்டம்! தரைக்கு வாட்டம் கொடுக்கவேண்டும் என்று சிவபாண்டி ஒவ்வொரு வீட்டிலும் சொல்வதுதான். ஜாலியைப் பார்த்து அடிக்கு ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச், சரிந்து இறங்கவேண்டும். ரசமட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அடியோடு மறந்துபோயிருந்தது. மழை பெய்த ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் ரோடு போட்ட ஆளைப் பரம்பரையோடு இழுத்துப் பேசியவர் அவர். இப்போது இடுப்பொடிந்த ஒரு மனுஷி கால் வைக்கிற தரையில் தானே தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கிறார்.

மறைக்க நினைக்கவில்லை. போனை எடுத்தார். "மாப்ள, தரையப் போட்டுட்டேன். தப்பாப் போச்சு. வா."

கொட்டாம்பட்டியிலிருந்து சிவபாண்டி பைக்கை எப்படி ஓட்டிவந்தானோ, வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டான். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது போகும் திசையைப் பார்த்தான். இந்த டைல்களுக்கு இன்று நல்ல பூசை விழப்போகிறது என்று மொக்கைச்சாமி காத்திருந்தார்.

"யோவ், ஒனக்கு அறிவிருக்காய்யா?"

டைலைப் பார்த்து அல்ல. அவரைப் பார்த்துத்தான் கேட்டான்.

"கை வைக்காதன்னு சொல்லிட்டுத்தான போனேன்? கொமரி மாதிரி அழகா இருந்தாப் போதுமா? அந்தம்மா மறுபடி விழுந்தா நீ போயித் தூக்குவியா? எம்புட்டு தடவ சொல்லியிருப்பேன், வாட்டம் பாரு வாட்டம் பாருன்னு! காது எங்க வச்சிருந்த?"

ஹாலில் இஷ்ரத் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது சூடேறியது. ஆனால் கோபம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், கியர் மாற்றத் தெரியாமல் பஸ்ஸைக் குலுக்கியபோது மூத்த டிரைவர் திட்டிய திட்டும் இப்படித்தான் இருந்தது. ஆகாத ஆள் என்று நினைத்திருந்தால் அந்த டிரைவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"இப்ப என்ன செய்யணும் மாப்ள, சொல்லு" என்றார்.

சிவபாண்டிக்கு அப்போதுதான் தான் என்ன பேசினோம் என்பது உறைத்திருக்கவேண்டும். முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். "கலவ இன்னும் இறுகல. இப்பவே எடுத்துட்டா டைலாச்சும் தப்பிக்கும்."

இரண்டு பேருமாகக் கரண்டியை அடியில் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். முதுகில் ஒட்டிய கலவையைச் சுரண்டி, வாளியில் கழுவி, மொட்டைமாடிப் படியில் சாய்த்து வைத்தார்கள். கிளம்பும்போது சிவபாண்டி மெல்லச் சொன்னான்.

"மச்சான், அக்காட்ட சொல்லிறாதீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மொக்கைச்சாமி செய்த முதல் வேலை அதுதான். "ஒந்தம்பி இன்னைக்கு என்னைய, அறிவிருக்காய்யான்னு கேட்டுட்டான்."

நாகஜோதி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "எவனப் பாத்து என்ன பேச்சுப் பேசுறான்! போனக் குடுங்க, இன்னைக்கு அவன..."

"ஏய், சும்மா இரு. சரியாத்தான் கேட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் இன்னும் ரெண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றதில் நாகஜோதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் போனை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை சிவபாண்டி குளியலறைக்குள் வரவே இல்லை. வாசலுக்கு வெளியே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையாள் மாதிரி கலவையைக் குழைத்துக் கொடுத்தான். டைலை எடுத்து நீட்டினான்.

"நீ போடலையா?"

"நீங்கதான போட்டீங்க. நீங்களே போடுங்க."

மொக்கைச்சாமி முதலில் ஜாலியிலிருந்து நூல் கட்டினார். வாசல் பக்கம் உயரம், மூலைப்பக்கம் இறக்கம். ரெண்டு வரிசை முடிந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஓடியது. அடுத்த ரெண்டு வரிசைக்கும் ஊற்றினார். ஓடியது. ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கியது. சிவபாண்டி வாயைத் திறக்கவில்லை, கண்ணால்கூடக் காட்டவில்லை. மொக்கைச்சாமியே அந்த ஒரு டைலைக் கழற்றி, கலவையைச் சுரண்டிக் குறைத்து, மறுபடி வைத்தார். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தபோது, அது தரை முழுவதும் பரந்து, பிறகு ஒன்றுசேர்ந்து, மூலையைத் தேடிக்கொண்டு போனது. ஜாலிக்குள் இறங்கும் கடகட சத்தத்தை இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.

"நல்லாருக்கு" என்றான் சிவபாண்டி. "இந்தக் கொட்டாம்பட்டி ஆளுகளே லேசுப்பட்டவுங்க இல்ல."

"நானா கொட்டாம்பட்டி? நீதான்டா கொட்டாம்பட்டி. நா ஆனையூர்க்காரன்."

"பொண்ணு எடுத்த எடம்ல மச்சான்."

வெள்ளிக்கிழமை வேலைச் சாமானை எடுத்துக்கொண்டு போக இருவரும் வந்திருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. மைதீன் பீவி நான்குகால் ஊன்றுகோலைப் பிடித்தபடி இறங்கினார். நேராகக் குளியலறைக்குப் போய், வாசலில் படி இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்து, உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அம்மா, தாழ்ப்பாள் போடாதீங்க!" என்று இஷ்ரத் கத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மூன்று பேரும் ஹாலில் நின்றார்கள். உள்ளே தண்ணீர் விழுந்தது. நெடுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. இஷ்ரத் கதவருகே போவதும் வருவதுமாக இருந்தாள். பிறகு தண்ணீர் நின்று, தாழ்ப்பாள் திறந்தது. ஈரத்தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மைதீன் பீவி வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு மொக்கைச்சாமியைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சோப்ப எங்க வைக்கிறது? குனிஞ்சு தரையிலயா எடுக்கச் சொல்றீக?"

சிவபாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். கம்பி வைத்தார்கள், உயரம் பார்த்தார்கள், சோப்புக்கு இடம் விட யாருக்கும் தோன்றவில்லை.

"நீ அடுத்த வீட்டுக்குக் கெளம்பு மாப்ள" என்றார் மொக்கைச்சாமி. "இத நா பாத்துக்கிர்றேன்."

"சரி மச்சான், நா போறேன். முடிச்சிட்டு வாங்க" என்று அவன் பைக்கை எடுத்தான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

மொக்கைச்சாமி மைதீன் பீவியைக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "கைய நீட்டுங்கம்மா. எங்க வந்தா வாகா இருக்கு?" அவர் நீட்டிய கை மூலைச் சுவரைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மிச்சம் கிடந்த சுவர் டைலில் ஒரு முக்கோணத்தை அறுத்து, விளிம்பு கையைக் கிழிக்காமல் தேய்த்து மழுக்கி, மூலையில் பள்ளம் வெட்டிப் பதித்தார். சோப்பு ஊறிப்போகாமல் தண்ணீர் வடியட்டும் என்று முன்பக்கமாக லேசாகச் சாய்த்தார்.

"நாளைக்கு வரைக்கும் இதுல எதையும் வைக்காதீங்கம்மா. இறுகணும்."

"சரி தம்பி" என்றார் மைதீன் பீவி. மொக்கைச்சாமி வாசலைத் தாண்டுவதற்குள், அந்த அம்மா சந்தன சோப்பைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து, நன்றாயிருக்கிறதா என்று ஊன்றுகோலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.