டாக்டரின் சுமார் முகம்

பல் டாக்டருக்குப் பல் தொழில்; குதிரையிலிருந்து விழுகிறவன்தான் உயிர்.

விஷயம் இதுதான். ரோமாபுரிப் பேரரசு தள்ளாடிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெண்கலக் காசு அடித்தார்கள். ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம், குதிரையிலிருந்து விழும் எதிரியை ஒரு போர்வீரன் ஈட்டியால் குத்துகிறான். எங்கே அடித்தாலும் இதே படம்தான். ஆனால் பல பட்டறைகளில் பல கைகள் அச்சு வெட்டியதால், விழுகிறவன் காசுக்குக் காசு ஒரு தினுசாக விழுவான். ஒருவன் குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொள்வான். ஒருவன் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுவான். மண்டி போட்டுக் கெஞ்சுகிறவனும் உண்டு, தாடிக்காரனும் உண்டு, கூம்புத் தொப்பிக்காரனும் உண்டு. அத்தனை பேரையும் டாக்டர் வெல்வெட் தட்டுகளில் தினுசுவாரியாகப் படுக்கவைத்திருந்தார். ஒரே ஒரு குழி மட்டும் காலி. தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, "ஆளை விடுங்கப்பா" என்பதுபோல நேராக நம்மைப் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் அகப்படவில்லை.

"இத்தனை பேர் விழறாங்க, ஒருத்தரையாவது தூக்கிவிடணும்னு தோணுதா உங்களுக்கு?" என்பாள் மனைவி.

பழங்காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. கடையில் ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும். அதனால் டாக்டர் ஒரு முகம் பழகிவைத்திருந்தார். உதட்டைப் பிதுக்கி, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "ம்... சுமார்தான்" என்பார். பழகிப் பழகி அந்த முகம் அவரோடு ஒட்டியே போய்விட்டது. வீட்டில் பாயசம் வைத்தாலும் அதே முகம்தான். மனைவிக்குப் பழகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பழகவில்லை.

மாப்பிள்ளை என்றால் ஒரே மகளின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் இன்ஜினியர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத சாது. கல்யாணமாகி ஒரு வருஷமாக, "மாமாவுக்கு என்னைப் பிடிக்கலை" என்று மகளிடம் புலம்பிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவிடம் சொன்னாள், அம்மா டாக்டரிடம் சொன்னாள்.

"யார் சொன்னது? தங்கமான பிள்ளை!"

"அதை அவர்கிட்ட சொல்லுங்களேன்."

"அதெல்லாம் நேர்ல எப்படிம்மா சொல்றது!"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். சாப்பாட்டு மேஜைமேல் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை வைத்து, "உங்களுக்குத்தான் மாமா. தெருமுனைப் பழங்காசுக் கடையில இன்னிக்குத்தான் வந்துச்சாம்" என்றார். டாக்டர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பிரித்தார். உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மேலே. நேராக டாக்டரையே பார்த்தான். அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முகம் அதன் வேலையைச் செய்தது.

"ம்... தேய்ஞ்சிருக்கே மாப்பிள்ளை. சுமார்தான்."

மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "அப்படிங்களா மாமா. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்கன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். குடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடறேன்." பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போயே போய்விட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த ஆளா?"

"அவனேதான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மூஞ்சி தானா வந்துடுச்சும்மா!"

"காசு போனா போகட்டும். ஒரு நல்ல வார்த்தை வராதான்னு அந்தப் பிள்ளை ஒரு வருஷமா உங்க வாயையே பார்த்துக்கிட்டிருக்கு. இனி இந்த வீட்டுப் படி ஏறுமா அது? சிலை மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, ஓடுங்க!"

டாக்டர் ஓடினார். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. தெருமுனையில் திரும்பி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, காசுக்கடைக்குள் நுழைந்தபோது மூச்சு இரைத்தது. வேலை முடிந்திருந்தது. காசு கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. கொடுத்த பணத்தை மாப்பிள்ளை திரும்ப வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் லேசுப்பட்ட ஆளில்லை. "என்ன டாக்டர், இப்படி வேர்த்துக் கொட்டுது? காசு சுமார்னு சொல்லிட்டீங்களாமே?"

டாக்டர் விழித்தார். ஆமாம் என்றால் விலை ஏறாது, மாப்பிள்ளை மனசு உடைந்துபோகும். இல்லை என்றால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். இருக்கிறதோ ஒரு முகம், பார்க்கிறதோ இரண்டு பேர்.

"பொய்!" என்று கத்தினார். "மாப்பிள்ளை, நான் சொன்னது பச்சைப் பொய். இருபது வருஷமா இவனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். பொட்டலத்தைப் பிரிச்சதும் உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருந்துச்சு. இந்தப் பாழாப்போன மூஞ்சி விடலை. உங்களையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் நாளே பிடிச்சுப்போச்சு. சொல்லத் தெரியலை, அவ்வளவுதான்." சொல்லி முடித்ததும் வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

கடைக்காரர் கண் மின்னியது. "கேக்கவே சந்தோஷமா இருக்கு டாக்டர். ஆனா பாருங்க, திரும்பி வந்துட்டா அது புது வியாபாரம். இப்ப மூணு மடங்கு ஆகும்."

"குடுத்துத் தொலைக்கிறேன்" என்று டாக்டர் பையில் கையை விட்டார்.

மாப்பிள்ளை மெதுவாகக் காசை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உதடு பிதுங்கியது. ஒற்றைப் புருவம் மேலே போனது.

"ம்... சுமார்தான் மாமா. ஓரமெல்லாம் தேய்ஞ்சிருக்கு. வேண்டாம், வாங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபமா? சொன்னது காதில் விழவில்லையா? அந்த முகத்தை உற்றுப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. இதைப் பார்த்துக்கொண்டா ஒருவர் ஒரு வருஷம் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

"மாப்பிள்ளை, என்மேல கோபமா?"

மாப்பிள்ளை காசை மேஜைமேல் வைத்துவிட்டு, டாக்டரின் முழங்கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தார். தெருவில் கால் வைத்தபோது பின்னால் கடைக்காரர் குரல் கேட்டது.

"சார்! நில்லுங்க சார்! பழைய விலைக்கே எடுத்துக்குங்க!"

டாக்டரின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. முழங்கையில் பிடி இறுகியது.

"திரும்பாதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல். "இன்னும் குறைப்பார்."