ஹாஜி தைஃபுல்லாவுக்குப் பாடிய பாட்டு

ஆண்டு முழுக்கச் செய்த வேலையை ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டுவது அந்த அரபு நகரப் போலீஸின் வழக்கம். நகராட்சி மண்டபத்தில் போலீஸ் தலைவர் கர்னல் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு வாசித்தார். எந்தெந்தப் பள்ளிக்கூடங்களில் பேசினார்கள், திருட்டுப் போன கார்களை எப்படி மீட்டார்கள், கல்யாண வீடுகளுக்குப் போய் மாப்பிள்ளையின் தகப்பனிடம் "துப்பாக்கியைத் தொடமாட்டேன்" என்று எப்படிச் சத்தியம் வாங்கினார்கள் என்று ஒன்று விடாமல் வாசித்தார். கடைசியில் குரலை உயர்த்தினார். சந்தோஷம் வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுகிற அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் இந்த ஆண்டு நகரத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்றார். மண்டபமே கை தட்டியது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நவ்ஃபாவும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்? அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்ததே அதற்குத்தானே. நாலு வருஷத்துக்கு முன்னால், பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த சாயங்காலம், அவளுடைய ஒரே மகள் ஜுமானா பாஸாகிவிட்டாள் என்று வாழ்த்த ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை உட்காரவைக்க இடம் வேண்டுமென்று மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள் பெண். எவனோ எங்கோ சந்தோஷப்பட்டுச் சுட்ட தோட்டா அவள் உச்சந்தலையில் இறங்கியது. வாழ்த்த வந்தவர்களே துக்கத்துக்கும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு போலீஸின் சமூகப் பாதுகாப்புப் பிரிவு நவ்ஃபாவைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அழைத்துப் போனது. "மேலே போன தோட்டா அங்கேயே தங்கிடாது பிள்ளைங்களா, யாரோ ஒருத்தர் தலையைத் தேடிக்கிட்டுக் கீழே வரும்" என்று அவள் சொல்லும்போது பிள்ளைகள் பேச்சு மூச்சில்லாமல் கேட்கும். சுவரொட்டியில் அவள் முகம்தான் இருந்தது.

"எவனோ" என்று சொன்னேன். அது போலீஸ் கோப்பில் இருக்கிற வார்த்தை. தெருவுக்கு ஆளைத் தெரியும். கல்குவாரி முதலாளி ஹாஜி தைஃபுல்லாவின் இளைய பிள்ளையும் அன்றைக்குத்தான் பாஸானான், அதுவும் தட்டுத் தடுமாறி. அந்தப் பெருமைக்கு ஹாஜி தன் மாடியில் ஏறி நின்று சுட்டான். போலீஸ் விசாரிக்க வந்தபோது கீழே நின்று விசில் அடித்தவர்கள் எல்லோரும் "நாங்க பார்க்கலையே" என்றார்கள். ஹாஜி தகப்பன் காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டி, வீட்டில் இதுதான் இருக்கிறது என்றான். தோட்டா அதற்குப் பொருந்தவில்லை. வழக்கு மூடப்பட்டது. நாற்பதாம் நாள் கழிந்ததும் நல்ல அங்கியாகப் போட்டுக்கொண்டு நவ்ஃபாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தான் பாருங்கள், அந்த நெஞ்சழுத்தம் யாருக்கும் வராது.

அதோடு விட்டானா? போலீஸின் ஊர்ப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தான். கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய், "சுடாதீங்கப்பா" என்று புத்தி சொன்னான். அந்தச் சேவைக்காக அன்றைக்குக் கர்னல் அவன் கையில் பித்தளைக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். மேடையில் ஹாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உம்மு ஜுமானா, ஜுமானாவைப் பெத்த இந்தத் தாய், எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. அவ கண்ணீர்தான் என்னை மனுஷனாக்குச்சு. வர்ற வெள்ளிக்கிழமை என் மூத்தவன் முஹன்னதுக்குக் கல்யாணம். ஒரு வெடிச் சத்தம் கேட்காது. கர்னல் வர்றாரு. தங்கச்சி, நீ முதல் ஆளா வந்து நிக்கணும்."

எல்லோரும் நவ்ஃபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தாள்.

வெளியே வந்ததும் சமூகப் பாதுகாப்புப் பிரிவின் லெப்டினன்ட் இப்திஹாலைப் பிடித்தாள். நாலு வருஷமாகத் தன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அலைந்த பெண் என்பதால் அவளிடம் மட்டும் நவ்ஃபாவுக்கு ஒளிவுமறைவு இல்லை.

"கொன்னவனுக்கு ஷீல்டா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்."

"சின்னம்மா, மெதுவா. கர்னல் காதுல விழப்போகுது."

"விழட்டுமே! ஆண்டு முழுக்க என்ன வேலை செஞ்சீங்கன்னு வாசிச்சாரே, அதுல இதையும் சேர்த்து வாசிக்கட்டும்."

"எனக்கு மட்டும் எரியலையா? ஒரு சாட்சி காட்டுங்க, ஒரே ஒரு சாட்சி. இல்லன்னா என் கண்ணெதிர்ல அவன் இன்னொரு தடவை சுடட்டும். கர்னல் மடியில உட்கார்ந்திருந்தாலும் இழுத்துட்டுப் போறேன், சத்தியமா. ஆனா அவன் சுடமாட்டான். ஊருக்கே புத்தி சொல்ற பெரிய மனுஷன் ஆயிட்டானே."



"சுடுவான்" என்றாள் நவ்ஃபா.

ஆம்பளை வீம்பை எங்கே தொட்டால் எரியும் என்று அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. மகள் போகும் வரைக்கும் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் கூட்டத்துக்கு முன்பாட்டு அவள்தான். எந்த மாமனுக்கு எந்த வரி, எந்தச் சித்தப்பனை எப்படிக் குத்தினால் பணத்தை எடுத்து வீசுவான் என்று நின்ற இடத்தில் கட்டிப் பாடுவாள். அவள் பாட்டுக்கு ஆட்டைக் கூடுதலாக அறுத்தவர்கள் உண்டு. மனைவியோடு பேசாதவன் பேசியதும் உண்டு. நாலு வருஷமாக அவள் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாஜி வீட்டு வாசலில் பெரிய கூடாரம். நுழைவிலேயே துணிப் பதாகை: "மணமகன் கையில் மலர்." கர்னல் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தட்டு தட்டாகச் சோறும் ஆட்டுக்கறியும் வந்து இறங்கின. மோர்க்குழம்பை ஊற்றி ஊற்றிப் பிசைந்து தின்றார்கள். பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, இதென்ன கல்யாணம், மழைக்குக் காத்திருக்கிற மாதிரி என்று முணுமுணுத்தார்கள். ஹாஜி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி திரிந்தான். அங்கிக்குள் இடுப்பில் கைத்துப்பாக்கி புடைத்துத் தெரிந்தது. உரிமம் உள்ளது, சும்மா அழகுக்கு என்று கர்னலிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். இப்திஹால் சீருடையில், இரண்டு கான்ஸ்டபிள்களோடு, கூடாரத்தின் ஓரத்தில் நின்றாள்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து, மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி அழைத்து வந்தார்கள். பெண்ணை அழைக்கக் கார்கள் புறப்பட வேண்டிய நேரம். தங்கள் பக்கத்தை மறைத்திருந்த தடுப்புத் துணியைச் சுருட்டிவிட்டு, பெண்கள் குலவையிட்டபடி முன்னால் வந்தார்கள். அப்போதுதான் நவ்ஃபா மாப்பிள்ளையின் தாயிடம், "நான் ரெண்டு வரி பாடட்டுமா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் அழுதே விட்டாள்.

"நீ பாடினா என் வீட்டுக்கு பரக்கத்து வரும்டி! யாருப்பா அங்க, மைக்கைக் குடுங்க!"

முதலில் மாப்பிள்ளையைப் புகழ்ந்தாள். குரல் துருப்பிடித்துக் கிடந்தது, நாலு வரியில் சரியாகிவிட்டது. ஒலிபெருக்கி அதை வாங்கித் தெருக்கள் தாண்டிக் கொண்டுபோனது. ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஹாஜி கேடயம் வாங்கிய அதே முகத்தோடு நடுவில் நின்று கையாட்டினான். நவ்ஃபா அவன் பக்கம் திரும்பினாள்.

*"மலையை உடைக்கிற ஹாஜி வீட்டுல*
*மத்தாப்புச் சத்தம் கூட இல்ல,*
*மாப்பிள்ளை குளிச்சு வந்து நிக்கிறான்*
*மானம் காக்க ஆளும் இல்ல!"*

ஓவென்று சிரிப்பு. இப்திஹால் தலையை நிமிர்த்தினாள்.

*"அப்பன் சுட்டா அடுத்த ஊரே*
*அலறிப் போயி எட்டிப் பார்க்கும்,*
*மகன் ஹாஜி இடுப்புல தொங்குறது என்ன,*
*தோல் உரிச்ச வெங்காயமா?"*

"ஹாஜி, உன்னைத்தான்யா கேட்குறா!" என்று பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஹாஜியும் சிரித்தான், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. கை தானாக அங்கிக்குள் போய், கர்னலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. இப்திஹால் கூட்டத்துக்கு மேலே எக்கி நின்று, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள். நவ்ஃபா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*"பொண்ணைப் பெத்த மகராசங்களே,*
*யோசிச்சுப் பொண்ணைக் குடுங்க,*
*இந்த வீட்டுல ஆம்பளை இல்ல,*
*அலமாரியில ஷீல்டுதான் இருக்கு!"*

"ஷீல்டுதான் இருக்கு! ஷீல்டுதான் இருக்கு!" பெண்கள் அதையே பிடித்துக்கொண்டு கும்மாளம் போட்டார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெண் வீட்டுக் கிழவர், "எழுந்திரிங்கப்பா, பொண்ணை வேற இடத்துல பார்ப்போம்" என்று எழுவதுபோல் பாசாங்கு செய்தார். அவ்வளவுதான். ஹாஜி அங்கியை ஒதுக்கித் துப்பாக்கியை உருவி, கையை வானத்துக்கு நீட்டி, உள்ளே இருந்த தோட்டா தீரும் வரைக்கும் சுட்டான்.

கடைசி வெடி அடங்குவதற்குள் இப்திஹால் சோற்றுத் தட்டுகளை மிதித்துக்கொண்டு பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். துப்பாக்கி குழம்பில் விழுந்தது.

"விடும்மா! ஏதோ சந்தோஷத்துல கை தவறிடுச்சு. கர்னல், நீங்களே சொல்லுங்க!"

கர்னல் தன் விரல்களில் ஒட்டியிருந்த சோற்றை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்வார்? கூடாரத்தில் பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நவ்ஃபா ஒலிவாங்கியை இன்னும் விடவில்லை.

"பார்த்தீங்களா? எல்லாரும் நல்லாப் பார்த்தீங்களா? நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க யாருக்கும் கண்ணு தெரியலையே, இப்போ தெரியுதா? அன்னிக்கும் இவன்தான்! என் மகளைக் கொன்னது இவன்தான்!"

ஹாஜியின் முகம் வெளுத்தது. இப்திஹால் விலங்கைப் பூட்டினாள். அப்பாடா! உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது நவ்ஃபாவுக்கு. இதற்காகத்தானே இத்தனை நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம், இனி இவன் தலை குனிந்து, மருமகளுக்குக் காத்திருந்த காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஜீப்பில் ஏறுவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று முன்னால் நகர்ந்தாள்.

அப்போது கூடாரத்துக்கு வெளியே வானத்தில் ஒரு பட்டம் தெரிந்தது. சரிவில் இருக்கும் வீடுகளுக்கு மேலே, மஞ்சள் வாலோடு ஆடிக்கொண்டிருந்தது.

பட்டம் என்றால் நூல். நூல் என்றால் மொட்டைமாடியில் ஒரு பிள்ளை.

ஒலிவாங்கி கீழே விழுந்து கீச்சிட்டது. நவ்ஃபா ஓடினாள். ஹாஜியை இழுத்துப் போனதை ஊரே பார்த்தது, அவள் பார்க்கவில்லை. சரிவில் செருப்பு கழன்றது. முதல் கதவைத் தட்டினாள். "பிள்ளைங்க எங்க? மாடியில இருக்காங்களா? போய்ப் பாருங்க!" அடுத்த கதவு. அதற்கடுத்தது. பைத்தியமா என்று பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பாள்! பாடும்போது அதில் ஓர் எழுத்துகூட அவளுக்கு நினைவு வரவில்லை. அவன் சுட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மேலே பார்த்தாள். பட்டத்தைக் காணவில்லை.

பட்டம் பறந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மாடிப்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. படிகளில் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல்பக்கத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து பீய்ச்சியடித்த தண்ணீரில் அண்ணனும் தங்கையும் முழுக்க நனைந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த பட்டம் காலடியில் கிடந்தது. தொட்டிக்கும் தங்கை நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நவ்ஃபா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவளின் ஈரத் தலையை இழுத்து உச்சியைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளை கூச்சத்தில் நெளிந்தது.

அவர்களுடைய தாய், இளம்பெண், கந்தல் துணியை ஓட்டையில் திணித்துக்கொண்டே திரும்பினாள். மூச்சிரைக்க வந்து தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா சின்னம்மா! இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா என் பிள்ளை போயிருக்கும். சுட்டவன் கை அழுகிப் போக! அவனையாவது விடுங்க, மடையன். மைக்குல ஒருத்தி சுடு சுடுன்னு சீண்டிச் சீண்டிப் பாடினாளே, இங்க வரைக்கும் கேட்டுச்சு. அவளுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்காதா? அவ பெத்த வயிறு பத்தி எரியணும். ஆமீன் சொல்லுங்க சின்னம்மா."

நவ்ஃபா பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமீன்" என்றாள்.