வீட்டில் ஒரே மொழி

1

இந்தக் கதையைப் பேருந்தில் திருடினேன். ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண், மடியில் சின்னப் பையன். வழியெல்லாம் அவனிடம் அவள் சொன்னது "சிட்", "நோ", "குட் பாய்". அவ்வளவுதான். கைப்பேசி ஒலித்ததும், அடேயப்பா, மடை திறந்தது போலத் தமிழ்! மீன் விலையிலிருந்து மாமியார் முழங்கால் வரை யாரிடமோ கொட்டித் தீர்த்தாள். பேசி முடித்து மகனைப் பார்த்ததும் மறுபடியும் "சிட்".

அவளிடம் யார் என்ன சொல்லியிருந்தார்களோ, தெரியாது. அதனால், சொன்னவளாக அதிரா என்று ஒருத்தியை உண்டாக்கினேன்.

2

"மலைமேல் மேகம் கவிந்திருந்த காலையில் அதிரா..."

வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் அதிரா வேலை பார்க்கிறாள். கடைவீட்டு மாடியில் இரண்டே அறைகள். எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்வது அவள்தான். (எதை வைத்து? 'ஆய்வுகளை வைத்து' என்று எழுதி அடித்தேன். படிக்கிறாள்தான். ஆனால் தான் எதில் தேறினாளோ அது, அலமாரியில் எந்தச் சாமான் இருக்கிறதோ அது, எதிரே உட்கார்ந்திருக்கும் தாயின் முகம், எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது.)

இன்னும் பேச்சு வராத கோகிலனுக்குப் பட அட்டைகளும் தரையில் உட்கார்ந்து விளையாட்டும் என்று முடிவு செய்தாள். நல்ல முடிவு. கூடவே, தனக்குப் பயிற்சி கொடுத்தவர் சொன்னதை அப்படியே அவன் அம்மாவிடம் ஒப்பித்தாள்.

"அக்கா, வீட்டுல ஒரே மொழிதான் பேசணும். தமிழ், மலாய், இங்கிலீஷ்னு கலந்தா குழம்பிடுவான். இங்க இங்கிலீஷ்தான், வீட்டுலயும் அதுவே போதும்."

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் அந்த அம்மா, தனலெட்சுமி, "சரி டீச்சர்" என்று தலையாட்டினாள்.

3

சில மாதங்களில் கோகிலன் அட்டை எடுத்து நீட்டித் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டான். அதிராவிடம் நீட்டுவான். அம்மாவிடம் போகவே மாட்டான்.

"அவன்கூடப் பேசி விளையாடுங்கக்கா."

தனலெட்சுமி கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் தீர்ந்து போச்சு லா, டீச்சர். வாயில தமிழ் வந்துடுமோன்னு பயம். அதான் பேசுறதையே விட்டுட்டேன். தூங்க வைக்கிறப்பகூட வாய மூடிக்கிட்டுத்தான் தட்டிக் கொடுக்கறேன்."

அதிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்று சொன்ன யோசனை, வீட்டில் இருந்த பேச்சையும் பிடுங்கிவிட்டது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தக் குழந்தைகள் பின்தங்குவதில்லை என்று அவள் பிற்பாடு படித்தும் இருந்தாள்.

(படித்தும் ஏனடி சொல்லவில்லை? இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் யோசித்தேன். தப்பு என்று ஒத்துக்கொண்டால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் அட்டைகளை மட்டும் அந்த அம்மா எப்படி நம்புவாள்?)

4

முதல் முடிவு: அதிரா மன்னிப்புக் கேட்கிறாள். தனலெட்சுமி அழுகிறாள். கோகிலன் "அம்மா" என்று...

சீ. பெரியவர்கள் அழுது முடித்ததும் பரிசாகப் பேச அவன் என்ன பொம்மையா?

இரண்டாவது: "இப்பப் புது முறை வந்திருக்குக்கா, தமிழும் பேசலாம்" என்று சமாளித்துவிடுகிறாள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனாலேயே இப்படி முடிய விடமாட்டேன்.

மூன்றாவது:

"அக்கா, நான் சொன்னது தப்பு. தமிழ்லயே பேசுங்க."

"இத்தனை மாசமா, டீச்சர்?"

"ஆமாக்கா."

தனலெட்சுமி திட்டவில்லை. அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அவள் சொல்லவேண்டிய வாக்கியம் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். தரமாட்டேன். அடுத்தவர் சொல்லிக்கொடுத்ததை அவள் பேசியது போதும். நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் திரும்பிப் பார்க்கிறானா என்று எட்டியும் பார்க்காதீர்கள்.

அதிராவைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் வெளியே போகிறேன். கடைசியாக வருவது நீங்கள்தான், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.